இடது பக்கம் மூன்றாம் துளை

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
1946 ஜனவரி 12

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு, மெட்டில்டா எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். நல்ல நடமாட்டத்தோடு இருக்கிறேன் என்று எழுதினால் பொய் சொன்ன பாவம் வரும். நம் தோணி மோசமில்லாமல் கொழும்பு சேர்ந்துவிட்டது என்று கணக்கப்பிள்ளை காசிலிங்கம் அண்ணாச்சி நம் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். நல்லது. அதைக் கேட்டு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தச் சொன்னேன். கொளுத்த நான் போகவில்லை, என் அண்ணன் மகள் செலஸ்தீனாதான் போனாள். நான் ஏன் போகவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் நடந்ததை உங்களுக்கே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. போர்ட் ஆபீஸில் வயதான தண்டல்மாரையெல்லாம் நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள், பலகையில் போட்ட கோட்டின் மேல் நேராக நடக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தோணி ஓட்டும் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொன்னீர்கள். போன வருஷம் தோணிச் சரக்கு அறைக்குள் விழுந்த நாள் முதல் உங்கள் முதுகு வளைந்து போனதும், நடந்தால் முன்னால் சாய்வதும் எனக்கும் உங்கள் தோணி ஆள் சந்தியாகுவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் என் முதுகுக் கச்சையை அரை மணி நேரத்துக்குக் கொடு என்று கேட்டீர்கள். அரை மணி நேரம்! அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நாற்பத்தொரு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் நீங்கள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அது எப்படி வந்த கச்சை என்று நினைத்துப் பாருங்கள். தேவமணி டாக்டரம்மா மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு, சண்டைக் காலத்தில் இரும்புப் பட்டை கிடைக்காமல் எட்டு மாதம் காத்திருந்து வாங்கிக் கொடுத்தது. முப்பது வருஷம் குனிந்து உட்கார்ந்து கோயிலுக்கும் ஊருக்கும் துணி ஓரத்தில் வைக்கிற நூல் ரேந்தை பின்னினதில் என் முதுகு கூன்விழுந்து, வருஷத்துக்கு இரண்டு தடவை முகங்குப்புற விழுந்துகொண்டிருந்தேன். கச்சையைக் கட்டின முதல் ஞாயிற்றுக்கிழமை கம்பு இல்லாமல் பூசைக்குப் போனேன். அத்தனை வருஷமும் மற்றவர்களின் சேலை விளிம்பையும் சப்பாத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தவள், அன்றைக்கு மனுஷர் முகத்தைப் பார்த்து நடந்தேன். பீடத்து மாதாவின் முகத்தைக் கழுத்து வலிக்காமல் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஏளா, கொடிமரம் மாதிரி நிக்கியே என்று சிரித்தீர்கள்.

நான்தான் கட்டிவிட்டேன். முதுகுப் பக்கம் இருபுறமும் ஏழு ஏழு துளை. கயிற்றைக் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டது இந்தக் கைதான். நீங்கள் ஒல்லி, நானும் ஒல்லி, கச்சை உங்களுக்கு அளவெடுத்தது போல உட்கார்ந்துகொண்டது. இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்றீர்கள். இறுக்கினேன். மேலே சட்டையும் கோட்டும் போட்டு நின்றபோது, உள்ளதைச் சொன்னால் என்ன, கலியாணத்தன்று நின்ற மாதிரியே இருந்தீர்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வந்தவுடன் அவிழ்த்துத் தருகிறேன், அதுவரை எழுந்து நடக்காதே, விழுந்து வைப்பாய் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் சொன்ன பேச்சைக் கேட்டுக் கட்டிலில் படுத்துக் கிடந்தேன். போட்டு வைத்த காப்பி ஆறிப்போயிற்று. பன்னிரண்டு மணிக்கு அடுத்த வீட்டுக்காரி வந்து, தண்டல் பாய் ஏத்திப் போயாச்சே, நீங்க வழியனுப்ப வரலியா என்று கேட்டாள்.

உங்கள் பயணப் பெட்டியின் பூட்டு கெட்டுவிட்டது, சரிபார்க்கக் கொடுக்கிறேன் என்று முந்தின நாளே தூக்கிப் போனீர்கள். பூட்டு கெடவில்லை. என் புத்திதான் கெட்டுப்போயிருந்தது. என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டீர்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. சண்டை போட்டுவிட்டுக் கொடுத்திருப்பேன். கேட்காமல் போனதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது ஒரே ஒரு காரியம். அந்தக் கச்சையைத் தனக்குத்தானே கட்டிக்கொள்ள முடியாது. பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். தோணியில் சந்தியாகுவைக் கட்டச் சொல்லுங்கள். அவனிடம் இதையும் சொல்லுங்கள். இடது பக்கம் மேலிருந்து மூன்றாம் துளை கிழிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கோக்க வேண்டும். அதில் கோத்தால் இரும்புப் பட்டை நகர்ந்து விலாவில் குத்தும். நான் கட்டும்போது விட்டுத்தான் கட்டினேன். படுக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு.

செலஸ்தீனாவுக்கு இது ஒன்பதாம் மாதம். செத்துப்போன என் அண்ணனுக்கு இருக்கிற ஒரே பிள்ளை, கலியாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து வயிறு திறந்திருக்கிறது. பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்க வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறாள். என்னை! அதைப் பற்றி அடுத்த கடுதாசியில் எழுதுகிறேன், இப்போது எழுதினால் கண்ணீர் வந்து மை கலைந்துவிடும். பிப்ரவரி பிறக்குமுன் கச்சையோடு வந்து சேருங்கள்.

இந்தக் கடுதாசியோடு தோணி ஆள் வசம் நான்கு தலையணை உறையும் இரண்டு சிப்பம் கருப்பட்டியும் அனுப்பியிருக்கிறேன். கொழும்புக் கொச்சிக்கடையில் உங்கள் கூட்டாளி இஞ்ஞாசியின் பெண்சாதி ரொசலினுக்குக் கொடுங்கள். புருஷனைக் கடலில் கொடுத்துவிட்டு அந்நிய ஊரில் கிடக்கிறாள், பாவம். உறையின் ஓரத்து ரேந்தை புது மாதிரி, அவளுக்குப் பிடிக்கும். என்னுடைய தோத்திரம் சொல்லுங்கள்.

உறையின் மேல் விலாசம் செலஸ்தீனாதான் எழுதினாள். புருஷன் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

தங்களுக்குக் கீழ்ப்படிதலுள்ள மனைவி,
மெட்டில்டா

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
1946 பிப்ரவரி 11

மரியாதைக்குரிய வீட்டுக்காரர் அவர்களுக்கு, மெட்டில்டா எழுதிக்கொண்டது. உங்கள் கடுதாசி கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், எட்டு வரி. மங்களூருக்கு ஓடு ஏற்றப் போகிறேன், தபசு காலம் முடிந்து ஏப்ரலில்தான் வருவேன் என்று ஆறு வரி. உன் கச்சை பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி. உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி. பத்திரமாக இருக்கிறதாம்! கச்சை பத்திரமாக இருந்து என்ன செய்ய, முதுகு இங்கேயல்லவா இருக்கிறது.

வியாழக்கிழமை விடியற்காலை செலஸ்தீனாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு அதன் அப்பன் ஜாடை, நெற்றி மட்டும் என் அண்ணன் நெற்றி. வருகிற ஞாயிற்றுக்கிழமை, பதினேழாம் தேதி, இரண்டாம் பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம்.

போன கடுதாசியில் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். இந்தத் தெருவுக்கு நான் வாழ வந்து நாற்பத்தொரு வருஷம். எத்தனை பிள்ளைகளுக்கு ஞானஸ்நானச் சட்டையில் ரேந்தை வைத்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு பிள்ளையைத் தூக்கிப் பிடிக்க ஒருத்தி என்னைக் கூப்பிட்டதில்லை. பிள்ளை பெறாதவள் கை என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், சட்டையை மட்டும் வாங்கிப் போவார்கள். நான் அதைப் பற்றி உங்களிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நீங்களும் கேட்டதில்லை. இப்போது செலஸ்தீனா, அத்தை, உங்க கைதான் எம் பிள்ளையப் பிடிக்கணும், மாதாகிட்ட நேர்ந்திருக்கேன் என்று சொல்லிவிட்டாள். அவள் மாமியாருக்கு அது கசக்கிறது. தன் மகள் நிற்கட்டும் என்கிறாள். பிள்ளை பெறாததை விட்டுவிட்டு என் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிழவி தள்ளாடுதா, பச்சப் புள்ளயக் கீழ போட்டா யாரு பொறுப்பு என்று பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

சாமியார் நல்லவர். என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கோயில் வாசலில் மந்திரம் சொல்லி முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொட்டி வரைக்கும் நீங்கள் நடக்க வேண்டும், தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஆடாமல் ஏந்திப் பிடிக்க வேண்டும், முடியுமா அம்மா என்று கேட்டார். முடியும் என்று சொன்னேன். கச்சை இருந்தால் முடியும் என்று சொல்லவில்லை. கச்சை எங்கே என்று கேட்பாரே, என்ன சொல்ல?

அதற்காகப் பழகிப் பார்த்தேன். ரேஷன் அரிசி இரண்டு படியைத் துணியில் கெட்டியாகச் சுற்றி, பிள்ளை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து வாசல்வரை நடந்தேன். முதல் நாள் நான்கு எட்டு. இரண்டாம் நாள் ஒன்பது எட்டு. சனிக்கிழமை வாசல்படியை எட்டிவிட்டேன், அங்கே முன்னால் சாய்ந்தது, சாய்ந்தது சாய்ந்ததுதான். பிடிக்க ஒன்றுமில்லை. விழும்போதும் கையை விடக்கூடாது என்று அணைத்துக்கொண்டேதான் விழுந்தேன், அதனால் நெற்றி படியில் அடித்தது. மூட்டை அவிழ்ந்து அரிசி தரையெல்லாம் சிதறிப்போயிற்று. விற்கிற விலையில் அரிசியைக் கூட்டித் தள்ளவா முடியும்? உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பொறுக்கும்போதெல்லாம் இது பிள்ளையாக இருந்தால், இது பிள்ளையாக இருந்தால் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. நெற்றிக் காயத்துக்குத் தையல் போடவில்லை. பயப்பட வேண்டாம். நீங்கள் பயப்படுவீர்கள் என்று எண்ணியும் எழுதவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். போன வாரம் காசிலிங்கம் அண்ணாச்சி வந்தார். தோணிச் சொந்தக்காரர் அனுப்பியிருக்கிறார். போர்ட் ஆபீஸில் யாரோ பற்ற வைத்திருக்கிறார்கள் போல. தண்டலுக்கு இடுப்புல ஏதோ கோளாறுன்னு பேசிக்கிடுதாங்களே அம்மா, உள்ளதுதானா என்று கேட்டார். அவர் கேட்கும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கே தந்தி போயிருக்கும், தோணியை வேறு தண்டல் கையில் கொடுத்திருப்பார்கள், நீங்களும் கச்சையும் இரண்டு நாளில் வீட்டில். என்ன சொன்னேன் தெரியுமா? கோளாறா, அவரைப் பார்த்தால் யாராவது அறுபத்திரண்டு வயது என்று சொல்வார்களா அண்ணாச்சி என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னதாகச் சொல்லி அபராதமாக ஒரு ஐம்பதுமணிச் செபமாலை சொல்லி முடித்தேன். உங்களுக்காகச் சொன்ன பொய்க்கு நான்தான் முழங்காலில் நின்றேன். முழங்காலில் நிற்கவும் இப்போது ஒரு ஆள் பிடிக்க வேண்டும்.

ஆகையால் என் விண்ணப்பம் இது. மங்களூருக்குப் போங்கள், எங்கே வேண்டுமானாலும் போங்கள், நான் தடுக்கவில்லை. கச்சையை மட்டும் ஒரு சாக்கில் சுற்றி, வருகிற எந்தத் தோணியிலாவது போட்டு அனுப்புங்கள். பதினேழாம் தேதி ஒரு பொழுதுக்குப் போதும். கட்டி, பிள்ளையைப் பிடித்து, அவிழ்த்து, அடுத்த தோணியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன். மாதாமேல் ஆணை. உங்களைப் போல அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளமாட்டேன்.

நீங்கள் வராவிட்டாலும் போகிறது. அதை அனுப்புங்கள். என் வாழ்நாளில் உங்களிடம் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். பட்டுச்சேலை கேட்டேனா, நகை கேட்டேனா?

கீழ்ப்படிதலுள்ள,
மெட்டில்டா

*

தூத்துக்குடி,
1946 பிப்ரவரி 20

வீட்டுக்காரர் அவர்களுக்கு,

கச்சை வரவில்லை. சந்தியாகு வந்தான்.

சனிக்கிழமை காலை கொழும்புத் தோணி ஒன்று வந்து நிற்கிறது, அதில் நம் சந்தியாகுவும் இறங்குகிறான் என்று கேள்விப்பட்டு ஒரு குதிரை வண்டி பிடித்துக்கொண்டு துறைக்குப் போனேன். கம்பை ஊன்றி, மண்ணைப் பார்த்துக்கொண்டே போனேன். எனக்கு முதலில் தெரிந்தது அவன் கால்தான். பிறகு அவன் கையைப் பார்த்தேன். ஒரு கையில் அவன் துணிமூட்டை, மறு கை சும்மா இருந்தது. கச்சையை மூட்டைக்குள் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அத்தை, வெயில்ல நிக்காதீங்க, வண்டியில ஏறுங்க என்றான்.

வற்புறுத்திக் கேட்ட பிறகு சொன்னான். அவன்மேல் கோபிக்க வேண்டாம். நான் பிடித்த பிடிக்குக் கல்லும் பேசியிருக்கும். தோணி மங்களூருக்குப் போகவே இல்லையாம். கொழும்பில் கட்டிப்போட்டு ஒரு மாதமாகிறது, சரக்கு கிடைக்கவில்லையாம். சும்மா கிடக்கப் பிடிக்காமல்தான் அவன் வேறு தோணி ஏறி வந்தானாம். சாயங்காலம் ஆனால் தண்டல் கரைக்குப் போயிருவாரு, காலையில நிமிந்து வருவாரு என்றான். அப்படியானால் கச்சையை நீதானே கட்டுகிறாய் என்று கேட்டேன். நான் ஒருநாளும் கட்டல அத்தை என்றான்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. லாட்ஜில் யாராவது கட்டிவிடுகிறார்களாக்கும் என்று நானே சொன்னேன். உங்களுக்காகச் சமாதானம் தேடிப் பழகின வாய் அல்லவா. அவன் தலையைக் குனிந்துகொண்டு, முடிச்சைப் பாத்தேன் அத்தை என்றான். ஒருநாள் கட்டிக் கிடந்த தோணியின் மேல்தட்டில் நீங்கள் நிற்கும்போது காற்றுக்குச் சட்டை தூக்கியதாம். கச்சைக் கயிற்றின் முடிச்சு பூ முடிச்சாக இருந்ததாம். சின்னப் பிள்ளைகள் சடையில் ரிப்பன் கட்டுவது போல இரண்டு காது வைத்த முடிச்சு. கடலுக்குப் போகிறவன் எவனும் அந்த முடிச்சுப் போடமாட்டான் என்று எனக்கும் தெரியும். அது ஒரு பெண்ணின் கை. யார் என்று கேட்டேன். ரொசலின் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றும், இந்தப் பயணத்தில் மட்டும் அல்ல, ஐந்தாறு வருஷமாகவே அப்படித்தான் என்றும், தோணியில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும் என்றும் சொல்லிவிட்டு அவனே அழுதான்.

எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் தலையணை உறை பின்னிக்கொண்டிருந்தேன்! வருஷம் தவறாமல், ஓரத்தில் ரேந்தை வைத்து, இஸ்திரி போட்டு, உங்கள் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். அதை வாங்கிப் போகும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவு வரவில்லை. நான் அப்போது குனிந்தே இருந்தேன், உங்கள் முகத்தைப் பார்த்திருக்கமாட்டேன்.

பட்டினி கிடந்தவளுக்குச் சோறு போட்டேன் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். அவள்மேல் எனக்கு என்ன வருகிறது என்று எனக்கே புரியவில்லை. உங்கள்மேல் வருவது புரிகிறது. பெண்ணாசை கெட்ட வழக்கம், ஊரில் உலகத்தில் உள்ளதுதான், அதற்காக ஆண்பிள்ளைகளை ஆற்றில் போட்டுவிட முடியாது. ஆனால் என் முதுகைக் கழற்றிக்கொண்டு போய், அதை அவள் கையால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றீர்களே, அதற்கு நான் என்ன பெயர் வைக்க? அரிசி சிந்தி நான் தரையில் கிடந்த அன்றைக்கும் அவள் அங்கே கயிற்றை இழுத்துக்கொண்டிருந்திருப்பாள். கைக்குக் கை மாறினது போல இருந்தது எனக்கு.

வண்டிக்காரனிடம் வீட்டுக்கு விடு என்றேன். வீட்டுக்கு வந்து நேராக நம் வீட்டு மாதா பீடத்தண்டை போனேன். அங்கே ஆணியில் உங்கள் பிரம்பு தொங்கியது. உங்கள் தகப்பனார் தண்டலாக இருந்தபோது வைத்திருந்த மலாக்கா பிரம்பு, வெள்ளிப் பூண் போட்டது. கரையில் இறங்கும்போதெல்லாம் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடப்பீர்கள், மாதம் ஒரு தடவை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பீர்கள், என்னைத் தொடவிடமாட்டீர்கள். தொட்டேன். அதையும் உங்கள் பழைய தோணிப் பாய்க்கித்தான் துணி ஒரு முழத்தையும் எடுத்துக்கொண்டு, வண்டி நிற்கும் இடத்தில் சேணம் தைக்கிற மீராசா பாயிடம் போனேன்.

அவர் பிரம்பைக் கையில் வாங்கவே பயந்தார். இது தண்டல் பிரம்புல்லா, நான் எப்படிம்மா வெட்ட என்றார். வெட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பூணைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நெடுக நான்காகப் பிளந்தார். நல்ல பிரம்பு. வளைகிறது, ஒடியவில்லை. கித்தானில் நான்கு பை தைத்து அதற்குள் இறக்கி, தோளுக்குத் தோல்வார் வைத்துச் சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்தார். கயிறு கட்டுகிற துளைகளை மார்புப் பக்கம் வைக்கச் சொன்னேன். இனிமேல் என் முதுகுக்குப் பின்னால் யாரும் நின்று கட்ட வேண்டியதில்லை.

டாக்டரம்மா கொடுத்தது போல சுகமாக இல்லை. அக்குளில் உரசுகிறது, மூச்சு இழுத்தால் கித்தான் நாற்றம் அடிக்கிறது. ஆனால் நிற்க வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். செலஸ்தீனாவின் மாமியார் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் மந்திரம் முடித்துத் திரும்பி நடந்தார், நான் பிள்ளையோடு பின்னால் நடந்தேன். இருபத்தாறு எட்டு. ஆடவில்லை. தண்ணீர் ஊற்றும்போது பிள்ளை வீரிட்டது, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. என்ன பெயர் என்று சாமியார் கேட்டார். இசபெல் என்று சொன்னேன். கலியாணமான வருஷம், பெண் பிறந்தால் வைப்போம் என்று நீங்களும் நானும் பேசிவைத்த பெயர். உங்களைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீங்களும் என்னைக் கேட்காமல்தான் எடுத்தீர்கள்.

கோயிலைவிட்டு வரும்போது காசிலிங்கம் அண்ணாச்சி எதிரே வந்தார். தண்டல் எப்படி இருக்காரு, கடுதாசி வந்துச்சா என்று கேட்டார். சந்தியாகு சொன்னது எல்லாம் நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது, நாக்கு நுனிவரை வந்தது. லைசென்ஸ், தோணி, கொழும்பு, எல்லாம் ஒரே வார்த்தையில் போயிருக்கும். நிமிர்ந்துதான் நிற்கிறார் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். இரக்கப்பட்டு என்று நினைக்க வேண்டாம். காட்டிக்கொடுக்கிற வேலை எனக்குத் தெரியாது, அது நம் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

வாருங்கள் என்றும் எழுதவில்லை, வராதீர்கள் என்றும் எழுதவில்லை. வந்தால் உங்கள் பிரம்பு ஆணியில் இருக்காது. பூணை மட்டும் பீடத்தில் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடுதாசியை எப்போதும் போடுகிற கொழும்புக் கடை விலாசத்துக்குப் போடவில்லை. ரொசலின் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன். உறையின் மேல் கஸ்பார் தண்டல் என்று நானே எழுதினேன். நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. ஒன்றும் ஆகவில்லை, மையும் கொட்டவில்லை, கையும் நடுங்கவில்லை.

உங்கள் விலாவில் புண் இருக்கிறது, இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறீர்கள் என்று சந்தியாகு சொன்னான். ஏன் என்று எனக்குத் தெரியும். முதல் கடுதாசியிலேயே எழுதியிருந்தேன், நீங்கள் அவளுக்குச் சொல்லவில்லை. என் வாயால் வந்த விவரத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்திருக்கும். ஆகையால் இதற்குக் கீழே உள்ளது ரொசலினுக்கு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள். அதனால் நீங்கள்தான் வாசிக்க வேண்டும். ஒரு வார்த்தை விடாமல், சத்தமாக வாசியுங்கள்.

ரொசலின், உனக்கு மெட்டில்டா அக்காள் தோத்திரம். கச்சையில் இடது பக்கம் மேலிருந்து மூன்றாம் துளை கிழிந்திருக்கிறது. அதில் கயிற்றைக் கோக்காதே, விட்டுவிட்டு நான்காவதில் கோ. கட்டும்போது அவரை மூச்சை வெளியே விடச் சொல், அப்புறம் இழு. பூ முடிச்சுப் போடாதே, சட்டைக்கு மேல் தெரிகிறது, பார்த்தால் அவர் பிழைப்பு போய்விடும். தட்டை முடிச்சாகப் போட்டு நுனியை உள்ளே சொருகிவிடு. படுக்கும்போது கட்டாயம் அவிழ்த்துவிடு. புண்ணில் சுத்தமான தேங்காயெண்ணெய் தடவி, நான் அனுப்பின தலையணை உறையில் ஒன்றைக் கிழித்து, ரேந்தை இல்லாத பக்கமாக மடித்து வை. ரேந்தை புண்ணில் உரசும். மாதா உன் கைக்குப் பலம் கொடுக்கட்டும். அவரை விழ விட்டுவிடாதே.

மெட்டில்டா